"கண்ணம்மா" போடச் சொன்னாரு... எந்தக் கண்ணம்மா? ஒரே பேர்ல இருக்கிற பாட்டுகளக் கொஞ்சம் சொல்லுங்க

வாவிக்கரைப் பொடியன் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு. பகல்ல ஒரு ஒபிஸ் வேலை, சனி ஞாயிறுல சவுண்ட்ஸ். ரெண்டு பெரிய பொக்ஸ், ஒரு மிக்சர், பட்டரி செத்த ஒரு லெப்டொப், மச்சான்மார் ரெண்டு பேர், இவ்வளவுதான் நம்மட கொம்பனி.

போன கிழமை ஆரையம்பதிப் பக்கம் ஒரு சாமத்திய வீடு. ஆலாத்தி எடுத்து முடிஞ்சு ஆக்கள் சாப்பாட்டுக்கு எழும்புற நேரம், வேட்டி சால்வையோட ஒரு ஐயா, எண்பது வயசிருக்கும், பிள்ளைட அப்பப்பாவாம், பொல்ல ஊண்டி ஊண்டி என்ட மேசையடிக்கு வந்து ஒரு துண்ட நீட்டினாரு. கார்ட் வந்த என்வலப்பக் கிழிச்ச துண்டு. அதுல பென்சிலால வடிவான எழுத்துல ஒரே ஒரு சொல்லு, கண்ணம்மா.

இதென்ன பெரிய வேலை எண்டு லெப்டொப்புல தட்டினன், வந்திச்சு பாருங்க வரிசையா. முதல்ல காலா படத்துக் கண்ணம்மா போட்டன், 2018, சந்தோஷ் நாராயணன், பிரதீப் குமாரும் தீயும் படிச்சது, எனக்கு உசிரான பாட்டு. ஐயா தலைய ஆட்டுறாரு, ஓம் எண்டில்ல, இல்லையெண்டு. சரியெண்டு றெக்க படத்துல வாற கண்ணம்மா கண்ணம்மா, 2016, இமான்ட பாட்டு. அதுவும் இல்லயாம். மறுகா இஸ்பேட் ராஜாவும் இதய ராணியும், 2019. பொடியன்கள் விசில் அடிக்கிறானுகள், ஐயா மட்டும் அப்பிடியே நிக்கிறாரு. "பழைய பாட்டு மகன்" எண்டாரு. பழசு எண்டதும் வண்ண வண்ண பூக்கள் போட்டன், கண்ணம்மா காதலென்னும், இளையராஜாவும் ஜானகியம்மாவும், 1992. நான் பிறந்த வருசம், அதவிடப் பழசா ஒண்டு இருக்குமெண்டு எனக்குத் தோணவே இல்ல. "இதவிடப் பழசு" எண்டு சொல்லி முடிக்க முதல் வீடியோக்காரன் கேக் வெட்டப் போறம் பாட்ட மாத்து பாட்ட மாத்து எண்டு கத்துறான், நானும் மாத்திட்டன். திரும்பிப் பாத்தா ஐயா அந்தத் துண்ட நாலா மடிச்சு சட்டைப் பைக்குள்ள வச்சுக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் போறாரு. படம் என்ன, ஆர் படிச்சது எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அந்த இரைச்சலுக்குள்ள எனக்கு வரல்ல.

அதுல இருந்து மண்டைக்குள்ள இதுதான் ஓடுது. ஒரே பேர்ல இப்பிடி எத்தின பாட்டு இரிக்கும்? பழைய ஆக்கள் ஒண்ட நினைச்சுக் கேக்க நாம வேற ஒண்டப் போடுற மாதிரி. தெரிஞ்ச ஆக்கள் சொன்னீங்கண்டா நான் பேர் பேரா ஃபோல்டர் போட்டு வச்சிருவன். மறுகா, ஐயா கேட்டது எந்தக் கண்ணம்மாவா இருக்கும்? அதயும் ஆராவது யோசிச்சுச் சொல்லுங்க.

கல்முனைக் காக்கா:

தம்பி, இந்தக் கரச்சல் உங்களுக்கு மட்டும் இல்ல. நம்மட பாட்டுகளுக்குப் பேரே இல்ல, அதான் விசயம். இங்கிலீஸ் பாட்டெண்டா செஞ்சவனே ஒரு பேர வச்சு தட்டுல அச்சடிச்சி உட்டிருவான். தமிழ்ப் படப்பாட்டுக்கு முதல் வரிதான் பேரு, அதுலயும் முழு வரி எங்க சொல்றம், வாய்க்கு வாற ரெண்டு சொல்லோட நிப்பாட்டிருவம். அன்பே, மலரே, நிலாவே, கண்ணே எண்டு கூப்புடாம பல்லவி தொடங்குற கவிஞர் எத்தின பேரு இரிக்காங்க? அப்ப மோதத்தான் செய்யும்.

நான் கல்முனை கொழும்பு இரவு பஸ் கன வருசம் ஓடினவன். ஒருக்கா மகாஓயா தாண்டி வாறம், ராவு ஒரு மணி இரிக்கும், முன் சீட்ல ஒரு ஹாஜியார் "தம்பி ராசாத்தி பாட்ட போடுங்களன், ஒரு கண்ண மூடுவம்" எண்டாரு. கண்டக்டர் பொடியன் உடன திருடா திருடா ராசாத்திய தட்டி உட்டான். 1993, ரகுமான்ட பாட்டு, சாகுல் ஹமீத் படிச்சது, அது தெரியும்தானே, வாத்தியம் ஒண்டும் பெரிசா இல்லாம சுத்தி வர குரல்களாலயே கட்டின பாட்டு. இருட்டுக்குள்ள அந்தக் கூட்டுக்குரல் வந்ததும் பின்னால ஒரு சின்னப் புள்ள எழும்பி அழத் தொடங்கிட்டு, அதோட பஸ் முழுக்க முழிச்சிட்டு. ஹாஜியார் கேட்டது வைதேகி காத்திருந்தாள், 1984, ஜெயச்சந்திரன்ட ராசாத்தி உன்ன. நித்திரைக்கு ஏத்தது அதுதான். ரெண்டும் நல்ல பாட்டு, ரெண்டும் ஒரு பொண்ணப் பிரிஞ்ச ஏக்கம்தான், ஆனா ஒண்டு தாலாட்டும் மத்தது தட்டி எழுப்பும். அதுக்குப் பொறவு நான் ஆரு பாட்டுக் கேட்டாலும் முதல் கேக்கிறது "ராசாத்திக்குப் பொறவு என்ன வரும்?" எண்டுதான். ரெண்டாவது சொல்லு தெரிஞ்சாப் போதும், ஆள் ஆரெண்டு தெரிஞ்சிரும்.

இன்னொண்டும் எழுதிக்கங்க. 1998ல ஜீன்ஸ்ல அன்பே அன்பே கொல்லாதே, அதே வருசம் உயிரோடு உயிராகவுல அன்பே அன்பே. ரெண்டுலயும் ஹரிஹரன். ஒரே வருசம் ஒரே குரல், இதுக்கு என்னத்தச் செய்ற?

பழைய றேடியோ:

தம்பிக்கு முதல்ல ஒரு சின்னக் கண்டனம். படம் கேக்காம பாட்டுப் போட்டது பிழை. 😄 எங்கட காலத்துல இந்தப் பிழை நடக்க வாய்ப்பே இல்ல.

இலங்கை வானொலி கேட்டு வளந்த ஆக்களுக்குத் தெரியும், பாட்டு வர முதல் படத்துட பேர், இசை, எழுதினவர், படிச்சவங்க எல்லாம் அறிவிப்பாளர் ஒரு மூச்சுல சொல்லி முடிச்சிருவாரு. காலமை பொங்கும் பூம்புனல் போகும், அம்மா புட்டவிச்சுக்கொண்டிருப்பா, நாங்க பள்ளிக்கூடம் வெளிக்கிடுவம், அந்த விபரமெல்லாம் பாடமாக்காமலே மனசுல பதிஞ்சிரும். நேயர் விருப்பத்துக்குப் போஸ்ட்கார்ட் போட்டாலும் படத்துட பேர் எழுதித்தான் போடுவம். பட்டரி தீந்துபோனா வெயில்ல காயவச்சு திரும்பப் போட்டுக் கேட்ட காலம். அப்துல் ஹமீத் அவர்கள்ட பாட்டுக்குப் பாட்டுல எழுத்து விழுந்ததும் எங்கட வீட்டுல அண்ணனுக்கும் எனக்கும் சண்டை தொடங்கும், நான் ஒரு "மலரே" எடுத்தா அவன் இன்னொரு "மலரே" வச்சிருப்பான்.

மலரே எண்டதும் சொல்றன். இப்ப ஆரக் கேட்டாலும் பிரேமம் படத்து மலரே எண்டுதான் நினைக்கிறாங்க, 2015, அது மலையாளம். எனக்கு மலரே எண்டா டாக்டர் சிவா, 1975, எம்எஸ்வி, யேசுதாசும் ஜானகியும், குறிஞ்சி மலரே. என்ட மகளுக்கு மலரே எண்டா கர்ணா, 1995, மலரே மௌனமா, வித்யாசாகர்ட இசைல எஸ்பிபியும் ஜானகியும். பேரப்பிள்ளைக்குப் பிரேமம், அதப் படிச்சது விஜய் யேசுதாஸ். இதுல ஒரு விசயம் கவனிச்சீங்களா, என்ட மலரேக்கு அப்பா, பேரன்ட மலரேக்கு மகன். நாப்பது வருசம் இடையில.

வசந்த முல்லையும் இப்பிடித்தான். போக்கிரி வந்த 2007ல, பக்கத்து வீட்டுப் பொடியன் "அங்கிள் விஜய்ட வசந்த முல்லை கேட்டீங்களா" எண்டு வந்தான். நான் சாரங்கதாரா, 1958, ஜி. ராமநாதன் இசை, டி.எம்.எஸ்., சிவாஜிக்குப் படிச்சது எண்டு சொல்ல அவன் என்னப் பாத்த பார்வை இருக்கே, ஏதோ நான் களவெடுத்த மாதிரி.

கெசட் காலத்துலயும் ஒழுங்கு இருந்திச்சு. டவுன்ல பாட்டுப் பதியிற கடை, ரெக்கோடிங் பார் எண்டு சொல்லுவம், அங்க ஒரு கொப்பி ஒற்றையில லிஸ்ட் எழுதிக் குடுக்கணும். அறுபது நிமிசக் கெசட்டெண்டா ஒரு பக்கத்துக்கு ஆறு ஏழு பாட்டு. பக்கத்துல படம் எழுதல்லெண்டா கடைக்காரர் ஒற்றையத் திருப்பித் தந்திருவாரு. ஒருக்கா நான் அவசரத்துல எழுதாமக் குடுத்து, அவரும் ஏதோ யோசனையில வாங்கி வச்சு, நான் கேட்டதுக்கு வேற ஒண்டு பதிஞ்சு வந்து, அந்தப் பிழையான பாட்டக் கேட்டுக் கேட்டுக் கடைசில அதுதான் எனக்குப் பிடிச்ச பாட்டாப் போச்சு. எது எண்டு சொல்ல மாட்டன், மனிசி இதப் படிக்கிறவ.

ஐயா கேட்டது கப்பலோட்டிய தமிழன் படத்துக் காற்று வெளியிடைக் கண்ணம்மாவா இருக்கும். 1961, பி.பி. ஸ்ரீனிவாசும் சுசீலாவும். அந்த வயசு ஆக்களுக்கு அதுதான்.

அக்கரைப்பற்றுத் தம்பி:

இதென்ன பெரிய ஆராய்ச்சி, பழைய பாட்டக் காப்பி அடிச்சு பீட்டப் போட்டு உடுறாங்க, அதான பேர் ஒண்டா வருது. தொட்டால் பூ மலரும் படகோட்டில 1964, நியூ படத்துல 2004. பொன்மகள் வந்தாள் சொர்க்கம் 1970, அழகிய தமிழ் மகன் 2007. எங்கேயும் எப்போதும், நினைத்தாலே இனிக்கும் 1979, பொல்லாதவன் 2007. இன்னும் நூறு சொல்லலாம். எனக்கு ரீமிக்ஸ்தான் புடிக்கும் சும்மா சொல்றதில்ல.

பழைய றேடியோ:

தம்பி, ரீமிக்ஸ் வேற, பேர் ஒண்டா இருக்கிறது வேற. ரீமிக்ஸ் அதே ஆளுக்குப் புதுச் சட்டை. நாங்க கதைக்கிறது ஒரே பேருள்ள ரெண்டு ஆளப் பத்தி. உங்கட வகுப்புல ரெண்டு பேருக்கு ஒரே பேர் இருந்திருக்கும்தானே, ஒருத்தன் அடிச்சுப்போட்டு ஓட மத்தவன் டீச்சரிட்ட அடி வாங்கியிருப்பான். அதுதான் இது.

அக்கரைப்பற்றுத் தம்பி:

வகுப்புல அடி வாங்கின ஆள் நான்தான் 😂 சரி விட்டுட்டன்.

களுவாஞ்சிக்குடி டீச்சர்:

அடி பத்தின கதையில டீச்சர்மார இழுத்தபடியா நானும் வாறன்.

எங்க வீட்டுல நடக்கிறதச் சொல்றன் முதல்ல. பின்னேரம் அம்மாவும் நானும் குசினிக்குள்ள நிக்கிற நேரம், முருங்கை இலை உருவிக்கொண்டிருப்பம், நான் "மஞ்சள் வெயில்" எண்டு முணுமுணுக்கத் தொடங்கினா அம்மா அடுத்த சொல்ல எடுத்துருவா, ஆனா அது வேற மெட்டு வேற பாட்டு. என்ட மஞ்சள் வெயில் வேட்டையாடு விளையாடு, 2006, மாலையிலே எண்டு போகும், தாமரை எழுதினது. அம்மாட மஞ்சள் வெயில் நண்டு படம், 1981, உமா ரமணன் படிச்சது, மாலையிட்ட பூவே எண்டு போகும். பாருங்க, "மஞ்சள் வெயில் மாலை" மட்டும் ரெண்டுக்கும் பொது, அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒண்டாப் போவம், அங்கால ஆளுக்கொரு பக்கம். அந்த மாலை பின்னேரம், இந்த மாலை பூமாலை. ஒரே எழுத்து, பொருள் வேற. தமிழ்ல இப்பிடிப் பேர் மோதுறதுக்குக் காக்கா சொன்ன காரணத்தோட இதயும் சேத்துக்கங்க. அம்மாக்கு நான் படிக்கிறது பாட்டே இல்லயாம், வெயில்ல நிண்டு ஆரோ கத்துற மாதிரி இரிக்காம்.

அடுத்தது பாரதியார். கண்ணம்மாக் குழப்பத்தத் தொடக்கி வச்சவரே அவர்தானே. கண்ணன் பாட்டுல "கண்ணம்மா என் காதலி" எண்டு ஒரே தலைப்புல ஒண்டுக்கு மேல பாட்டு எழுதி வச்சிருக்காரு, "கண்ணம்மா என் குழந்தை" எண்டு வேற ஒண்டு. அதாவது ஒரே பேர்ல கன பாட்டு இருக்கிற பிரச்சினை சினிமாப் பாட்டு வர முதலே வந்திட்டு. சுட்டும் விழிச்சுடர் தான் கண்ணம்மா எண்டது காதலிப் பாட்டு, அத அப்பிடியே 2000ல கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன் படத்துல ரகுமான் மெட்டமைக்க ஹரிஹரன் படிச்சாரு. அஞ்சு வருசத்துல கஜினி வந்திச்சு, சுட்டும் விழிச் சுடரே, நா. முத்துக்குமார் எழுதினது, முதல் ரெண்டு சொல்லு பாரதிட, மிச்சம் அவருட. பத்தாம் வகுப்புல இந்தப் பாட்டு ஆர் எழுதினது எண்டு கேட்டன், பாதி வகுப்பு சூர்யா எண்டுது. எழுதினவர் எண்டு சொல்லியும் சூர்யா.

இதுக்கு நேர் எதிரா, சொல்லெல்லாம் ஒண்டு மெட்டு மட்டும் வேற எண்டும் இரிக்கு. நல்லதோர் வீணை செய்தே. வறுமையின் நிறம் சிகப்பு, 1980, எம்எஸ்விட மெட்டு. மறுபடியும், 1993, இளையராஜாட மெட்டு. ஒரே பாரதி பாட்டு, ரெண்டயும் அடுத்தடுத்துக் கேட்டா ரெண்டு வேற ஆக்கள் அழுற மாதிரி இரிக்கும். மறுபடியும் படத்த எடுத்தது நம்மட அமிர்தகழி பாலு மகேந்திராதான், பொடியன் சாமத்திய வீட்டுல போட்டு ஐயா வேண்டாமெண்ட வண்ண வண்ண பூக்கள் படமும் அவருடதான். எங்க சுத்தினாலும் ஊருக்கே வந்து சேருது.

இப்ப ஐயாட விசயம். றேடியோ ஐயா சொன்ன காற்று வெளியிடை எண்டு எனக்குத் தோணல்ல. யோசிச்சுப் பாருங்க, பேத்திட சாமத்திய வீட்டுல நிண்டுகொண்டு ஒரு அப்பப்பா காதல் பாட்டா கேப்பாரு? சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா, செல்வக் களஞ்சியமே. அதுதான் "என் குழந்தை". மணமகள் படம், 1951, சி.ஆர். சுப்பராமன் இசை, எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் படிச்சது, ராகமாலிகை. வீட்டுல பிள்ளை தூக்கின எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு, நாங்க கண்ணம்மா பாட்டு எண்டுதான் சொல்லுவம். தேடக்குள்ள கவனம், வெறும் சின்னஞ்சிறு கிளியே எண்டு தேடினா முந்தானை முடிச்சுப் பாட்டுத்தான் முன்னுக்கு வந்து நிக்கும், 1983, எஸ்பிபியும் ஜானகியும்.

மாமாங்கத்து மச்சான்:

எல்லாரும் இந்தியாப் பாட்டா சொல்றீங்க. சுராங்கனி என்ன பாவம் செஞ்சுது? ஏ.ஈ. மனோகரன்ட சுராங்கனி இல்லாம இலங்கைல ஒரு கலியாணம், ஒரு பிக்னிக் பஸ் இருந்திருக்கா? அது கடல் தாண்டிப் போய் 1977ல அவர் எனக்கே சொந்தம் எண்ட படத்துல இளையராஜா இசைல மலேசியா வாசுதேவன் குரல்ல வந்திச்சு. இந்தியாக் கூட்டாளி ஒருத்தன் கட்டார்ல ரூம்ல இருக்கக்குள்ள சுராங்கனி எங்கட பாட்டு எண்டு அடிச்சுச் சொல்றான். மாலு எண்டா என்னடா எண்டு கேட்டன். முழிச்சான். சிங்களத்துல மீன்டா, மீன் கொண்டு வந்திருக்கன் எண்டு கூப்புட்டுச் சொல்ற பாட்டுடா எண்டு விளங்கப்படுத்தினன். ரெண்டு நாள் கதைக்கல்ல.

இங்கிலீஸ்லயும் இந்தப் பிரச்சினை இரிக்குது காக்கா, பேர் வச்சா மட்டும் தப்பிக்கேலாது. அந்த ரூம்லயே, ஹலோ பாட்டப் போடு எண்டு ஒரு பிலிப்பினோ அங்கிள் கேப்பாரு, அவருக்கு லயனல் ரிச்சி, 1984. பொடியன்கள் போடுறது அடெல், 2015. ரெண்டுலயும் ஹலோ எண்டு கூப்புடுறதுதான், ஆனா அடெல்ட பாட்டுத் தொடங்கினா அங்கிள் பிளேட்டத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போயிருவாரு.

வாவிக்கரைப் பொடியன்:

எல்லாருக்கும் சரியான நன்றி. ஃபோல்டர் போடத் தொடங்கிட்டன், இப்பவே மலரே மட்டும் ஆறு.

ஐயாட விசயத்தச் சொல்லணும். நேத்து மிச்சக் காசு வாங்க அந்த வீட்டுக்குப் போனன். விறாந்தையில சாய்மனைக் கதிரையில ஐயா இருந்தாரு. நானே போய் "ஐயா அண்டைக்குப் பாட்டுப் பிழைச்சுப் போச்சு" எண்டன். ஆளுக்கு ஞாபகம் இரிக்கு, "அதுக்கென்ன மகன், சத்தம் தானே" எண்டாரு. சத்தம் எண்டாரு பாருங்க, இனி பொக்ஸ்ல கொஞ்சம் குறைச்சுத்தான் போடணும்.

முதல் றேடியோ ஐயா சொன்ன காற்று வெளியிடை போட்டன், போன்லதான். முழுக்கக் கேட்டாரு, விரலால கதிரைக் கையில தாளம் போட்டாரு. முடிய "நல்ல பாட்டு, ஆனா இது பொம்பிளப்பிள்ளைக்குப் பின்னால போறவன்ட கண்ணம்மா" எண்டாரு. எனக்கு டீச்சர் சொன்னது அப்பவே விளங்கிட்டு. உடன சின்னஞ்சிறு கிளியே எண்டு தட்டினன், அந்த அவசரத்துல டீச்சர்ட எச்சரிக்கையும் மறந்து போச்சு, முந்தானை முடிச்சு பாட்டுத் தொடங்கிச்சு. ஐயா கண்ண மூடிக் காத்துக்கொண்டிருந்தவரு ஒரு கண்ண மட்டும் திறந்து பாத்தாரு. உள்ளுக்கிருந்து அம்மம்மா ஒராள் "பாக்கியராஜ்ட பாட்டுப் போகுது" எண்டு சிரிச்சுக்கொண்டே வந்தா. அது அவவுக்குப் பிடிச்ச பாட்டாம், அதால அதயும் முழுக்கப் போட வேண்டி வந்திச்சு.

மறுகா மணமகள் எண்டு சேத்துத் தேடி எடுத்தன். முதல் வரி வந்ததும் ஐயா "ஆ" எண்டாரு. அவ்வளவுதான். பொறவு அவரே படிக்கத் தொடங்கிட்டாரு. போன்ல வாற வேகத்துக்கும் அவருட வேகத்துக்கும் ஒத்துவரல்ல, அவர் ஒரு வரி பின்னால நிக்கிறாரு, சில இடத்துல சொல்லும் மாறுது, நான் மெல்லமா சத்தத்தக் குறைச்சன், ஐயா அதக் கவனிக்கவும் இல்ல. சாமத்தியப்பட்ட பிள்ளை கதவு நிலையில சாஞ்சுகொண்டு நிக்குது, "அப்பப்பா என்னய நித்திரையாக்கப் படிக்கிற பாட்டு" எண்டுது. அந்தப் பிள்ளைட தகப்பன் வெளிநாட்டுலயாம், வளத்ததெல்லாம் இவங்கதான். அண்டைக்கு ஹோல்ல பிள்ளை கேக்கட்டும் எண்டுதான் அந்தத் துண்ட எழுதிக்கொண்டு வந்திருக்காரு.

தேத்தண்ணி குடிச்சு வெளிக்கிட்டு பாதி வழி வந்த பொறவுதான் பாத்தன், மிச்சக் காசு வாங்கல்ல. இனி திரும்பவும் போகணும்.

களுவாஞ்சிக்குடி டீச்சர்:

எச்சரிக்கைய மறந்ததுக்கு முட்டுக்கால்ல நிக்க வைக்கணும். அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன், அந்த அம்மம்மாட கட்சியாம் அவ. முந்தானை முடிச்சுத்தான் ஒரிஜினல் சின்னஞ்சிறு கிளியே எண்டு நிக்கிறா.

பழைய றேடியோ:

காற்று வெளியிடை பிழைச்சாலும் முழுக்கக் கேட்டவர்தானே. அரை மாக்ஸ் தாங்க.

கல்முனைக் காக்கா:

மாஷா அல்லாஹ், நல்ல வேலை செஞ்சீங்க தம்பி. அது சரி, வாற சனி சாய்ந்தமருதுல நம்மட பழைய மாணவர் ஒன்றுகூடல், பாட்டுப் போடுற பொறுப்ப என்ட தலையில கட்டிட்டானுகள். இப்பவே வட்சப்ல ஒருத்தன் அனுப்பி இரிக்கான், "காக்கா, நிலாவே பாட்டு கட்டாயம் போடணும்" எண்டு. நானும் நிலாவேக்குப் பொறவு என்ன வரும் எண்டு கேட்டன். "வா" எண்டு வந்திச்சு. பாட்டுட அடுத்த சொல்லா, இல்ல என்னய வீட்டுக்கு வரச் சொல்றானா எண்டு தெரியல்ல.